நாலு நிமிடம் முந்தும் முள்

“யாருமே செய்யலைன்னு நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்கணும்” என்றார் டாக்டர் வீராசாமி.

வேதகிரி குறிப்பேட்டில் பாதி எழுதிவிட்டு நிமிர்ந்தான். வாலாஜாபாத்தில் அரிசி மில்லுக்கு மேல்மாடியில் அவன் துப்பறியும் நிலையம் திறந்து பதினாலு மாதம் ஆகிறது. காணாமல் போன எருமை, காணாமல் போன மருமகன், ஒரு தடவை எருமையும் மருமகனும் ஒரே வீட்டில். வந்தவர்கள் எல்லோரும் யார் செய்தது என்றுதான் கேட்டார்கள். யாரும் செய்யவில்லை என்று நிரூபிக்கச் சொல்லி வந்தவர் இவர் ஒருவர்தான். சரியாகக் காதில் வாங்கினோமா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் அவனுக்குப் புதிதல்ல. பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவன் அவன்.

“அதுக்கு எதுக்கு சார் நாங்க?” என்றாள் மார்த்தாள். “யாரும் செய்யலன்னா சும்மா வுட்டுட வேண்டியதுதான?”

மார்த்தாள் அவனுடைய உதவியாள். நாற்பது வயது. பன்னிரண்டு வருஷம் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் கிழித்தவள். குழந்தைக்கு அரை டிக்கெட் என்று சொல்லி மீசை முளைத்த பையனை இடுப்பில் தூக்கிவந்த அம்மாக்களையெல்லாம் பார்த்துப் பழகியதால், பொய் சொல்கிறவன் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். டாக்டர் வாயைத் திறந்து அரை மணியாகிறது. அவள் ஒரு தடவைகூடப் புருவத்தை உயர்த்தவில்லை. ஆகவே டாக்டர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று வேதகிரி குறித்துக்கொண்டான்.

அவர்கள் நின்றிருந்தது திருப்புலிவனத்துக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி, நிலக்கடலை போட்டுவைத்த பழைய மல்லாட்டைக் கிடங்கில். டாக்டருடைய குடும்பத்துக் கிடங்கு. உள்ளே இப்போது ஒரு கடலைகூடக் கிடையாது. நடுவே இரும்புச் சட்டத்திலிருந்து ஒற்றைக் கம்பியில் ஓர் அலுமினிய உருளை தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் நீளம், இரண்டு ஆள் பருமன். அதன் இடுப்பைச் சுற்றி ஒட்டியிருந்த சிறு படிகச் சில்லுகளிலிருந்து ஒயர்கள் கிளம்பி ஒரு பெட்டிக்குள் போயின. பெட்டியின் மேல் ஒரு காகிதச் சுருள் ஆமை வேகத்தில் நகர, மெல்லிய முள் ஒன்று அதில் நீல மையால் கோடு போட்டுக்கொண்டே இருந்தது.

“எங்கேயோ கோடி கோடி மைலுக்கு அப்பால ரெண்டு பெரிய நட்சத்திரம் மோதிக்குதுன்னு வெச்சுக்குங்க” என்றார் டாக்டர். “அந்த அதிர்ச்சியில இந்த வெட்டவெளியே நடுங்கும். அதுதான் ஈர்ப்பு அலை. அது இந்த வழியாப் போறப்ப இந்த உருளை ஒரு அணுவோட பருமனைவிடக் குறைவா நீளும், சுருங்கும். அதை இந்த முள் காட்டும். உலகத்துல இதுவரைக்கும் யாரும் பிடிச்சதில்லை.”

“ஏரியில கல்லு போட்டா அலை வருமே, அந்த மாதிரியா?” என்றாள் மார்த்தாள்.

“அதே மாதிரிதான்.”

“அப்ப இன்னா பெரிய விஷயம். போட்டவன் யாருன்னு தெரியணும், அவ்ளோதான.”

டாக்டர் சிரிக்கவில்லை. மேஜை மேல் ஒரு பெரிய வரைபடத்தாளை விரித்தார். கீழே தேதிகள், பக்கவாட்டில் மணி. ஜனவரி நாலாம் தேதி இரவு ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு ஒரு புள்ளி. ஐந்தாம் தேதி எட்டு ஐம்பத்தேழுக்கு. ஆறாம் தேதி எட்டு ஐம்பத்து மூன்றுக்கு. இப்படியே படிக்கட்டு இறங்குவதுபோல இறங்கி, நேற்று வெள்ளிக்கிழமை ஏழு முப்பத்தைந்துக்கு வந்து நின்றது. ஒவ்வொரு புள்ளியும் அந்த நேரத்தில் முள் இரண்டு விரற்கடை உயரம் குதித்ததன் அடையாளம்.

“தினமும் நாலு நிமிடம் முந்துது” என்றான் வேதகிரி.

“அதுதான் விஷயம்.” டாக்டரின் குரல் இறங்கியது. “மனுஷன் வேலையெல்லாம் கடிகாரத்துல நடக்கும். மில் சங்கு அஞ்சு மணின்னா தினமும் அஞ்சு மணி. ஆனா ஒரு நட்சத்திரம் நேத்து நின்ன இடத்துக்கு இன்னிக்கு நாலு நிமிடம் முன்னாடியே வந்துடும். பூமி தானும் சுத்திக்கிட்டு சூரியனையும் சுத்துறதால அப்படி. நட்சத்திரத்தோட கணக்குல குதிக்கிற முள்ளு, நட்சத்திரத்துலேர்ந்து வர்றதுக்குத்தான் குதிக்கணும்.”

பம்பாயில் புதன்கிழமை விஞ்ஞானிகள் கூட்டம். அதில் படிக்கச் சொல்லி இவர் எழுதிய கடிதம் மேஜை மேல் உறையில் தயாராக இருந்தது. இன்றைக்கு எட்டு மணிக்கு வாலாஜாபாத் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால் ரயிலைப் பிடித்துவிடும். விட்டால், அடுத்த கூட்டம் ஒரு வருஷம் கழித்து. கல்லூரியில் கொடுத்த லீவு அதற்குள் முடிந்துவிடும்.

“பதினோரு வருஷமா இதைப் பேசிக்கிட்டிருக்கேன். பின்னாடி சிரிக்கிறாங்கன்னு தெரியும். இந்தக் கடுதாசி சரியா இருந்தா சரி. தப்பா இருந்து, எவனோ கதவை அறைஞ்சதைப் போய் நட்சத்திரம்னு எழுதினேன்னு ஆச்சுன்னா, அப்புறம் நிஜமாவே ஒரு நாள் அலை வந்தாலும் நான் சொல்றதை யாரும் கேக்க மாட்டாங்க. எட்டு மணிக்குள்ள சொல்லுங்க மிஸ்டர் வேதகிரி. மனுஷன் கை எதுவும் இதுல இல்லைன்னு.”

அப்போது மணி இரண்டேகால்.

வேதகிரி முறைப்படி ஆரம்பித்தான். கிடங்கைச் சுற்றி அரை மைலுக்குள் சத்தம் போடக்கூடியவை எவை எவை என்று எழுதினான். மில் சங்கு, கோயில் மணி, உத்திரமேரூர் பஸ். ஒவ்வொன்றாகப் போய் விசாரித்தான். எல்லாம் கடிகாரப்படி நடப்பவை. ஒன்றுகூட நாலு நிமிடம் நகரவில்லை. பஸ் மட்டும் தினமும் வேறு வேறு நேரத்துக்கு வந்தது. ஆனால் அதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

நாலு மணி சுமாருக்கு அவனுக்கு ஒன்று தோன்றியது. முள் குதிப்பது தினமும் ஒரே நேரத்தில்தான், கிடங்குக் கடிகாரம்தான் நாளுக்கு நாலு நிமிடம் தாமதமாக ஓடுகிறது என்றால்? தாமதமான கடிகாரத்தில் எல்லாம் முந்தி நடப்பதாகத் தெரியுமே. மூச்சு வாங்க ஓடிவந்து, கருவியைப் பார்த்துக்கொள்ளும் தானியேலைப் பிடித்தான். காகிதம் மாற்றுவது, மை ஊற்றுவது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது எல்லாம் தானியேலின் பொறுப்பு.

“ரேடியோவுல சேதிக்கு முன்னாடி பீப் பீப்னு அடிக்கும் பாரு, அத்தோட சேர்த்துதான் தெனம் முள்ள வெக்கிறேன்” என்றார் தானியேல். “ஒரு நாளு வுட்டதில்ல. எங்கூட்டுக்காரி பிள்ள பெத்த அன்னிக்குக்கூட வந்து வெச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.”

மார்த்தாளின் புருவம் அசையவில்லை. வேதகிரி அந்த வரியை அடித்தான்.

“நீ அடிச்சது எத்தினி ஆச்சு?” என்று கேட்டாள் அவள்.

“ஏழு.”

“எழுதுனது?”

“ஏழு.”

“கணக்கு டாண்ணு சரியா கீது. வா, டீ குடிக்கலாம்.”

அவன் டீ குடிக்கப் போகவில்லை. வரைபடத்தாளின் முன்னால் மறுபடி உட்கார்ந்தான். இருபத்து மூன்று நாளில் மூன்று நாள் புள்ளிகளின் மேல் டாக்டர் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருந்தார். பதினொன்று, பன்னிரண்டு, இருபது. அந்த மூன்று நாளும் முள் குதித்திருந்தது. ஆனால் படிக்கட்டில் இல்லை. ஒரு நாள் கால் மணி முந்தி, இன்னொரு நாள் இருபது நிமிடம் பிந்தி.

“இது ஏன் சார்?”

“அது ஏதோ கோளாறு. கோட்டுல சேராததை எடுத்துட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.”

எல்லோரும் செய்வதை நாம் ஏன் கேள்வி கேட்க வேண்டும் என்று வேதகிரிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அந்தத் தேதிகள் உறுத்தின. பையிலிருந்து தன் டைரியை எடுத்தான். பகலில் பிழைப்பு, மாலையில் டைப்பிங் வகுப்பு, ராத்திரி தூங்குமுன் அரைப் பக்கம் டைரி. மூன்று வருஷமாக ஒரு நாள் விடவில்லை.

“அதுல இன்னா கீது தம்பி?” மார்த்தாள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். “‘பதினொன்று. வானம் மூடியிருந்தது. குடை கொண்டுபோனேன். மழை இல்லை.’ ‘பன்னிரண்டு. குடை. தூறல். திறப்பதற்குள் நின்றுவிட்டது.’ ஏந்தம்பி, இதெல்லாம் எவன் படிக்கப் போறான்னு எழுதுற?”

“இருபதாம் தேதி படிங்கக்கா.”

“‘இருபது. குடை கொண்டுபோகவில்லை. மாலையில் மேகம். நான் எதைச் செய்தாலும் இப்படித்தான்.’” அவள் நிறுத்தினாள். “அட.”

வேதகிரி மற்ற இருபது நாள்களையும் புரட்டினான். இன்னொரு தடவையும் புரட்டினான். வேறெங்கும் மாலையில் மேகம் இல்லை. அவன் எழுந்து நின்றபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. முள் லேசாக நடுங்கியது.

“மன்னிச்சுக்குங்க சார். ஒரு கேள்வி. இந்த ஈர்ப்பு அலையை மேகம் தடுக்குமா?”

“மேகமா? பூமியையே துளைச்சுக்கிட்டுப் போகும் அது.”

“நீங்க அடிச்ச மூணு நாளும் மேகம் சார். மேகம் போட்ட அன்னிக்கு மட்டும் நேரம் தவறுது. அப்ப மேகம் மறைச்சது அலையை இல்லை. யாரோ ஒருத்தருடைய கண்ணை.”

டாக்டர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் எதுவும் சொல்லும் முன் மார்த்தாள் செருப்பை மாட்டிக்கொண்டு வேதகிரியோடு கிளம்பிவிட்டாள்.

ஏரிக்கரையை ஒட்டிய நவரை நெல் வயலில் களை எடுத்துவிட்டுப் பாஞ்சாலி என்ற பெண் சேற்றுக் காலோடு வரப்பேறினாள்.

“ஏம்மே, இந்த ஊருல பொழுது சாய்ஞ்சா வானத்தப் பாத்துக்கினு நிக்கிறவன் யாரு?” என்று கேட்டாள் மார்த்தாள்.

“எங்கூட்டுக்காரு. கறி வாங்கக் காசு கேட்டா அங்கதான் பாப்பாரு.”

“அது எல்லார் வூட்டுலயும். நேரம் பாக்குறவன் யாருன்னு கேட்டேன்.”

“அப்படிக் கேளு. நீர்க்கட்டி இருசப்பன். ஆறாமீனு கல்லு மேல வந்தாத்தான் எங்க தெரு வயலுக்குத் தண்ணி திரும்பும். கெழக்கு மடையில இருப்பான் போ.”

ஏரித்தண்ணீரை முறை வைத்து வயலுக்கு விடுகிறவனுக்கு அந்த ஊரில் நீர்க்கட்டி என்று பெயர். இருசப்பன் கிழக்கு மடைக்கு எதிரே கரைச்சரிவில் மல்லாந்து படுத்துப் பீடி குடித்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயதிருக்கும். தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு சங்கிலி இறங்கியது.

“வாட்ச் இல்லியா அண்ணே?” என்று மார்த்தாள் பேச்சை ஆரம்பித்தாள்.

“வாட்ச் பெரிய பேஜாரும்மா. கட்டுனவன் ஒவ்வொருத்தனும் ஒரு நேரம் சொல்றான். மேல் வயல்காரன் வாட்ச் மெதுவா ஓடும், கீழ் வயல்காரன் வாட்ச் வேகமா ஓடும். மீனு யாருக்கும் சொந்தக்காரன் இல்ல.” பீடியால் தலைக்கு மேலே காட்டினான். இருட்டத் தொடங்கிய வானத்தில் கார்த்திகையின் ஆறு சின்ன நட்சத்திரங்கள் கொத்தாகப் புள்ளி வைக்க ஆரம்பித்திருந்தன. “இங்க படுத்துக்கினு பாத்தா, அந்தத் தூணு உச்சிக்கு ஆறாமீனு வந்து உக்காரும். உக்காந்த ஒடனே மடைய மூடிடுவேன். மாசி பொறந்தா வேற மீனு.”

“மேகம் போட்டா?”

“குத்துமதிப்புதான். போன வாரம்கூட அப்படி ஒரு நாளு. தண்ணி கொறைஞ்சுதுன்னு அந்தப் பாஞ்சாலி என்ன திட்டாத திட்டு இல்ல.”

வேதகிரி குறிப்பேட்டைத் திறந்தான். “மடையை எப்படி மூடுவீங்க?”

“சங்கிலியில கல்லு தொங்குது பாரு. கொக்கியக் கழட்டுனா போயி துளையில தொம்னு உக்காரும். தரையே அதிரும் தம்பி. பொந்துல கீற நண்டெல்லாம் வெளிய ஓடியாரும்.”

மடை கட்டியிருந்தது பாறையின் மேல். அந்தப் பாறை கரைக்கு அடியிலேயே ஓடி, இரண்டு பர்லாங் தள்ளி டாக்டரின் கிடங்குக்குக் கீழே தலை நீட்டியிருந்தது. கெட்டியான பாறை என்பதால்தான் டாக்டர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். மடை கட்டினவனும் அதே காரணத்துக்காகத்தான் தேர்ந்தெடுத்திருப்பான்.

கிடங்குக்குத் திரும்பி இதைச் சொன்னபோது டாக்டர் வரைபடத்தாளின் மேல் குனிந்தார். அந்த ஊரிலேயே பிறந்தவர்தான். எட்டு வயதில் படிக்கப் பட்டணம் போனவருக்கு மடை எப்படித் திறக்கும் என்று தெரிந்திருக்கவில்லை.

“கேக்க நல்லாத்தான் இருக்கு” என்றார் கடைசியில். “ஆனா கேக்க நல்லா இருக்குங்கிறதுக்காக ஒண்ணை நம்பக் கூடாது. இன்னிக்கு ஏழு முப்பத்தொண்ணுக்கு அந்தக் கல்லைச் சத்தமில்லாம இறக்குங்க. முள் சும்மா இருந்தா இந்தக் கடுதாசியை நானே கிழிச்சுடறேன். குதிச்சா, எட்டு மணி பஸ்.”

மார்த்தாள் கிடங்கில் முள்ளுக்குக் காவல் இருந்தாள். வேதகிரி இடுப்பளவுத் தண்ணீரில் இருசப்பனோடு நின்றான். சங்கிலிக் கொக்கியில் ஒரு பழைய தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, அதைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார்கள்.

“வந்து உக்காந்துடுச்சு” என்றான் இருசப்பன்.

கைக்குள் கயிறு நெருப்பாக வழுக்கியது. கல் பூனை இறங்குவதுபோல இறங்கித் துளையில் உட்கார்ந்தது. தண்ணீரில் ஒரு வட்டம்கூட எழவில்லை. பதினாலு மாதத்தில் முதல் தடவையாக வேதகிரிக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லாமல் இருந்தது. அந்த நிலை அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

பத்து நிமிடம் கழித்துக் கரையில் ஒரு அரிக்கேன் விளக்கு ஆடி ஆடி வந்தது.

“குதிச்சுடுச்சு தம்பி” என்றாள் மார்த்தாள்.

“எப்போ?”

“டாண்ணு ஏழு முப்பத்தொண்ணு. டாக்டரு என்னையே கட்டிப்புடிச்சுக்குவாரோன்னு பயந்துட்டேன். கடுதாசிய எடுத்துக்கினு சைக்கிள் ஏறிட்டாரு.”

வேதகிரி ஈர வேட்டியோடு கரையில் உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் அது அலைதான். வானத்திலிருந்து வருவதைப் போய் இருசப்பன் தலையில் கட்டப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. மில்லுக்கு மேலே மாட்டியிருந்த பெயர்ப்பலகை நினைவுக்கு வந்தது. அதைக் கழற்ற எத்தனை ஆணி பிடுங்க வேண்டும் என்று எண்ணவும் ஆரம்பித்தான்.

“மூஞ்சிய இப்படி வெச்சுக்கினா இன்னா பண்றது. எழுந்திரு.”

“இருங்கக்கா. எழுதிக்கறேன்.” பழக்கம் அவனை விடவில்லை. ஈரக் கையால் குறிப்பேட்டைத் திறந்தான். “நேரம் ஏழு முப்பத்தொண்ணு. உயரம்?”

“ஒரு வெரக்கடை.”

பென்சில் நின்றது. “ரெண்டு இருக்கணுமே.”

“வெரல வெச்சே பாத்தேன். தொடாதன்னு கத்துனாரு. ஒண்ணுதான்.”

“பாதி” என்றான் வேதகிரி. “பாதி நாம நிறுத்திட்டோம். மீதிப் பாதி வேறெங்கேயோ...” அவன் இருசப்பன் பக்கம் திரும்பினான். “இந்த மடை மூடினா மேற்கு வயலுக்குத் தண்ணி எப்படிப் போகும்?”

“இத மூடுற நேரத்துல மேக்கு மடையத் தெறக்கணும்.”

“அதை யாரு திறக்கிறாங்க?”

“எங்கூட்டுக்காரி சிட்டம்மா. அங்க நெம்புகட்டையில எடைக்கல்லு கட்டிக் கீது. வுட்டா கல்லு பாறையில வந்து வுழும், அடைப்பு மேல வந்துடும்.”

“அவங்களுக்கு நேரம்?”

“இன்னா தம்பி இப்படிக் கேக்குற. ரெண்டு மடைக்கும் அரை மைலு. கூப்பிட்டாக் கேக்குமா? மேகம் போட்டா வெளக்க ஆட்டிக் காட்டுவேன். இல்லாங்காட்டி நான் இங்க படுத்துக்கினு பாப்பேன், அது அங்க படுத்துக்கினு பாக்கும். மீனு ஒண்ணுதான.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“நீ இந்த மடையத்தான கேட்ட?”

மணி ஏழு நாற்பத்தெட்டு. ரோடு முக்கால் மைல். இருசப்பன் முன்னால் வரப்பு வரப்பாகத் தாவி ஓடினான். அவன் பின்னால் வேதகிரி இரண்டு தடவை சேற்றில் விழுந்தான். கடைசியில் வந்த மார்த்தாள் விளக்கு அணையாமல் புடவைத் தலைப்பால் மறைத்தபடி, டிக்கெட் கவுன்ட்டரில் மட்டுமே பேசத் தகுந்த வார்த்தைகளைப் பேசிக்கொண்டு வந்தாள். அவர்கள் ரோட்டில் ஏறியபோது பஸ் வந்து நின்றுவிட்டது. இன்றைக்கென்று பார்த்து அது சரியான நேரத்துக்கு வந்திருந்தது.

டாக்டர் படிக்கட்டருகே நின்றிருந்தார். உறை அவர் கையில் இருந்தது. கண்டக்டர் கையை நீட்டியிருந்தார்.

“சார்” என்றான் வேதகிரி. அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

“பாதிதான் இருந்துது” என்றார் டாக்டர், அவன் கேட்காமலே. “பார்த்த உடனே தெரியும். வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கிட்டு வந்தேன், இன்னிக்கு வானம் கொஞ்சம் மெல்லப் பேசியிருக்கும்னு. சைக்கிள்ல வர்றப்ப அது சரியாத்தான் பட்டுது. இங்க நின்னதும்தான் படலை.”

“மேற்கு மடையில இன்னொரு கல் இருக்கு சார். அதை நாம நிறுத்தலை.”

“ஏறுறியா, குடுக்குறியா, ரெண்டுல ஒண்ணு சொல்லு சார்” என்றார் கண்டக்டர். “எனக்கு லேட்டாவுது.”

டாக்டர் உறையைப் பார்த்தார். பம்பாய் விலாசத்தை அவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். புதன்கிழமை அந்தக் கூட்டத்தில் அது பிரிக்கப்படும்போது எழக்கூடிய மௌனத்தை அவர் எத்தனை தடவை மனசுக்குள் கேட்டிருப்பார் என்று வேதகிரி நினைத்துக்கொண்டான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. சொல்லவேண்டியவன் தான்தானா என்பதும் அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

“ஒண்ணுமில்லை. நீங்க போங்க” என்றார் டாக்டர் கண்டக்டரிடம்.

விசில் ஒலித்தது. பஸ்ஸின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்தது. பிறகு டாக்டர் உறையை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நாளைக்கு ஏழு இருபத்தேழு. கிழக்கு மடைக் கல்லை நானே இறக்கறேன். மேற்குல சிட்டம்மாவும் இருசப்பனும் மெதுவா விடட்டும். முள்ளுக்கு முன்னாடி நீங்க உக்காருங்க வேதகிரி.”

“நீங்க பார்க்க வேண்டாமா சார்?”

“எனக்கு அது குதிக்கணும். குதிக்கணும்னு நினைக்கிறவன் அங்க இருக்கக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை மாலை வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. வேதகிரி குடை கொண்டுவரவில்லை. ஏழேகாலுக்கு அவன் முள்ளுக்கு முன்னால் உட்கார்ந்தான். பக்கத்தில் மார்த்தாள், அவளுக்கும் அப்பால் தானியேல். ஏழு இருபத்தைந்துக்குப் பிறகு மார்த்தாள்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஏழு இருபத்தேழு. முள் நேராகப் போனது. இருபத்தெட்டு. வேதகிரி மை இருக்கிறதா என்று பார்த்தான். கடிகாரம் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டான். முப்பது. முப்பத்தைந்து. காகிதத்தில் நீலக்கோடு ஒரு வளைவும் இல்லாமல் வாய்க்கால்போல ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு நாற்பதுக்கு டாக்டர் வாசலில் வந்து நின்றார். இடுப்புவரை நனைந்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் கயிறு உரசிச் சிவந்திருந்தன. அவருக்குப் பின்னால் இருசப்பனும், உள்ளே வரலாமா என்று தயங்கியபடி சிட்டம்மாளும்.

“என்ன?” என்றார் டாக்டர்.

ஒருவேளை என்று ஆரம்பிக்க வேதகிரியின் நாக்குத் துடித்தது. அவன் அதை விழுங்கினான். “ஒண்ணும் வரலை சார்.”

டாக்டர் வந்து காகிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டார். ஏழு மணியிலிருந்து ஏழு நாற்பதுவரை விரலை மேலே வைக்காமல் கண்ணாலேயே நடந்து பார்த்தார். மறுபடி ஒரு தடவை பார்த்தார். உள்ளே ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது போல அவர் தோள் தளர்ந்தது.

“இருபத்து நாலு நாளா இது பொய் சொல்லலை” என்றார். “அரை மைல்ல விழுந்த கல்லை ஒழுங்காத்தான் சொல்லிச்சு. நான்தான் அதை வானத்துக்குக் கொண்டுபோனேன்.” காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, “தானியேல், புதுச் சுருள் போடு” என்றார்.

தானியேல் சுருளை மாற்றினார். டாக்டர் அதன் ஓரத்தில் தேதியை எழுதினார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

“இருசப்பா, சிட்டம்மா, இனிமே ரெண்டு பேரும் தினமும் இன்னிக்கு மாதிரி மெதுவாவே விடணும். அப்பத்தான் முள் அசைஞ்சா நான் நம்பலாம்.”

“வுடலாம் சாமி. எத்தினி நாளைக்கு?”

டாக்டர் உருளையைப் பார்த்தார். “தெரியாது. வர்றவரைக்கும்.”

இருசப்பன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அவனுடைய உரிந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

“அப்ப நல்ல கயிறா ரெண்டு வாங்கிக் குடு சாமி” என்றாள் சிட்டம்மாள்.